ஐஸ் பெட்டிச் சுவருக்குள் நான்கு சென்சார்கள்

மீன் வாங்கிவர நானே செய்யும் ஐஸ் பெட்டிக்குச் சுவர் எழும்பிவிட்டது. வெளியே 12 மி.மீ. பிளைவுட், நடுவில் 50 மி.மீ. தெர்மாகோல், உள்ளே 1 மி.மீ. அலுமினியத் தகடு. எந்த அடுக்கு எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்று பார்க்க, ஒட்டும்போதே டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார்களைப் பொருத்தினேன்: அறைக் காற்றில் ஒன்று, பிளைவுட்டின் வெளிமுகத்தில் ஒன்று, இரண்டு ஒட்டுகளிலும் ஒவ்வொன்று. இந்தச் சென்சார் அரை டிகிரி வரை முன்பின் காட்டும். அதனால் முதலில் நான்கையும் ஐஸ் தண்ணீரில் முக்கி, பூஜ்யத்துக்குச் சரிபார்த்துக்கொண்டேன்.

கணக்கு எளிது. தடிமனை (மீட்டரில்) வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் அந்த அடுக்கின் வெப்பத்தடை. தெர்மாகோலுக்கு (கடத்துதிறன் 0.036) 1.39, பிளைவுட்டுக்கு (கடத்துதிறன் 0.13) 0.09. அலுமினியத்தின் தடையைச் சேர்ப்பதும் விடுவதும் ஒன்றுதான். வெப்பநிலைகள் மாறாமல் நிலைத்தபின் எல்லா அடுக்கிலும் ஒரே அளவு வெப்பம் போகிறது. எனவே தடை எங்கே அதிகமோ அங்கேதான் வெப்பநிலை அதிகம் இறங்கும்.

பெட்டியை ஐஸும் தண்ணீருமாக நிரப்பி, எண்கள் அசையாமல் நிற்கும் வரை விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறை 31 டிகிரி. பிளைவுட் வெளிமுகம் 28.4 (கணக்கில் 28.7), பிளைவுட்-தெர்மாகோல் ஒட்டு 26.5 (கணக்கில் 26.9), தெர்மாகோல்-அலுமினிய ஒட்டு 0.4. பரவாயில்லையே!

எனக்குப் பிடித்த எண் அந்த 28.4. அறைக்கும் பலகை முகத்துக்கும் நடுவே 2.6 டிகிரி போய்விடுகிறது. அங்கே இருப்பது பலகையை ஒட்டி அசையாமல் நிற்கும் காற்று மட்டும்தான். அது 12 மி.மீ. பிளைவுட்டை விட அதிகம் தடுக்கிறது. மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பியதும் வெளிமுகம் 30-ஐ நெருங்கியது. அதற்காக ஐஸ் கடகடவென்று உருகிவிடாது. மொத்தத் தடையில் பெரும்பங்கு தெர்மாகோலுடையது, அதில் விசிறியின் பாச்சா பலிக்காது.

அப்புறம் ஈரம். அடுக்குகளை வரிசை மாற்றினாலும் மொத்தத் தடை மாறாது. ஆனால் ஒட்டுகளின் வெப்பநிலை மாறும். அறை ஈரப்பதம் 70 சதவீதம், அதாவது 25 டிகிரிக்குக் கீழே போனால் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். ஒட்டில் 26.5 என்றால், தெர்மாகோலுக்குள் மூன்று மில்லிமீட்டர் போனதுமே அந்த 25 வந்துவிடும். பிளைவுட் வழியே நுழையும் ஆவி அங்கே தண்ணீராகும். நனைந்த தெர்மாகோல் வெப்பத்தை இன்னும் தாராளமாக விடும். ஆகவே மற்ற மூன்று சுவர்களிலும் பிளைவுட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே, சூடான பக்கமாக, பாலித்தீன் தாள் விரித்து ஓரங்களுக்கு டேப் ஒட்டியிருக்கிறேன். சென்சார் உள்ள சுவரில் தாள் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அதைப் பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.