தேக்கடி காட்டுக்குள் குடும்பத்தோடு தங்க: காரைக்குடிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

தேக்கடி என்று பெயர் போட்டுக்கொண்ட ஹோட்டல்களில் பெரும்பாலானவை தேக்கடியில் இல்லை, குமுளியில் இருக்கின்றன. குமுளி கடைத்தெருவில் ஏலக்காய், மிளகுக் கடைகளைத் தாண்டிப் போனால் வனத்துறை செக்போஸ்ட் வரும். அதற்கு அந்தப் பக்கம்தான் பெரியார் புலிகள் காப்பகம். உள்ளே ஹோட்டல் என்று இருப்பவை மூன்றே மூன்று: பெரியார் ஹவுஸ், ஆரண்ய நிவாஸ், லேக் பேலஸ். மூன்றுமே கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையவை, அதாவது கேடிடிசி. முகவரியில் ‘தேக்கடி ரோடு, குமுளி’ என்று இருந்தால் அது கேட்டுக்கு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘காட்டுக்குள் ரிசார்ட்’ என்று போட்டோ காட்டுகிறவர்களிடம் ஒரே கேள்வி போதும்: செக்போஸ்ட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

உள்ளே தங்குவதற்குக் கொடுக்கும் பணம் மெத்தைக்கோ சாப்பாட்டுக்கோ அல்ல, நேரத்துக்கு. வெளியே தங்குகிறவர் காலை 7.30 படகைப் பிடிக்க, கேட் திறக்கும் 6 மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். வண்டியை ஆனவச்சாலில் நிறுத்தி, வனத்துறை பஸ் ஏறி, மூன்று நான்கு கிலோமீட்டர் போய், அப்புறம் படகுத்துறைக்கு இறங்க வேண்டும். குழந்தைகளையும் அப்பத்தாவையும் வைத்துக்கொண்டு அது படாத பாடு. ஆரண்ய நிவாஸில் இருப்பவர் காபியைக் குடித்துவிட்டு நடந்தே போய்விடலாம். மாலையில் பகல் கூட்டம் வெளியேறிய பிறகு ஏரிப் பக்கம் அடங்கிப்போகும், காட்டுப்பன்றியும் மிளா மானும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே மேய வரும். இதெல்லாம் முக்கியமில்லை, சுத்தமான அறையும் நல்ல சாப்பாடும் ராத்திரி கடைத்தெரு உலாத்தலும் போதும் என்றால் குமுளியிலேயே தங்குங்கள். செலவும் குறையும், சண்டையும் குறையும்.

மூன்றில் எது? பெரியார் ஹவுஸ்தான் மூன்றில் வாடகை குறைவு. படகுத்துறை கொஞ்சம் தள்ளி, ஆனால் நடக்கிற தூரம்தான். பிள்ளைகளோடு பத்துப் பேராகப் போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இது. முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் ஆரண்ய நிவாஸ்: படகுத்துறைக்குப் பக்கம், கூடுதல் வாடகை. லேக் பேலஸ் கதையே வேறு. திருவிதாங்கூர் மகாராஜாவின் கோடை மாளிகையாக இருந்த இடம். மொத்தம் ஆறே அறைகள், படகில் மட்டுமே போக முடியும். கடைசிப் படகு மாலை 4 மணி வாக்கில் போய்விடும். அதன்பின் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அன்றைக்கு அங்கே போய்ச் சேர முடியாது, உள்ளே போனவர் நினைத்த நேரத்தில் வெளியே வரவும் முடியாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்களையும் கைக்குழந்தையையும் அங்கே கூட்டிப்போக வேண்டாம் என்பேன். கல்யாணமான புதுசுக்கும் அறுபதாம் கல்யாணம் முடித்த ஜோடிக்கும் சரியான இடம்.

அறை போடும்போது நம் பக்கத்துக் குடும்பங்கள் இடறுவது எண்ணிக்கையில். நம் பெரிய வீடுகளின் வளவிலும் பட்டாலையிலும் பாய் விரித்து இருபது பேர் படுத்த பழக்கத்தில், ‘ரெண்டு ரூம் போதும், கீழே படுத்துக்கலாம்’ என்று கணக்குப் போடுகிறார்கள். அது இங்கே நடக்காது. ஓர் அறைக்கு இரண்டு பெரியவர்கள், மேற்கொண்டு கூடுதல் படுக்கை போட்டு ஒருவர் என்பதுதான் பொதுவான கணக்கு. குழந்தைக்கு எத்தனை வயது வரை இலவசம் என்பதைப் பதிவுப் பக்கத்தில் படித்துவிட்டே தலைகளை எண்ணுங்கள். பத்துப் பேருக்கு நான்கு அறை என்று தொடங்குங்கள். அப்பத்தாவோடு ஒரு பேத்தி, ஐயாவோடு ஒரு பேரன் என்று ராத்திரி துணைக்கு யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். தரைத்தள அறை, பக்கத்துப் பக்கத்து அறை என்பதையெல்லாம் இணையத்தில் கேட்க இடம் இருக்காது. பதிவு எண் கைக்கு வந்ததும் ஹோட்டலுக்கே போன் போட்டுச் சொல்லி, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு முறை ஞாபகப்படுத்த வேண்டும்.

வாடகையோடு வரியையும் பாருங்கள். ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல்), அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கும் 7,600 ரூபாய் அறைக்கும் வித்தியாசம் 200 ரூபாய் அல்ல, வரியோடு சேர்த்தால் 1,200-ஐ நெருங்கும். நான்கு அறை என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாடு மட்டுமா, மூன்று வேளையுமா, காட்டு நுழைவுச் சீட்டு தனியா என்பதும் பதிவுச் சீட்டில் எழுதியிருக்கும். கவுண்டரில் போய் வாதாடிப் பயனில்லை.

பணம் கட்டும் இடத்தில் நிதானம் வேண்டும். கணக்கில் பணம் போய், உறுதிச் சீட்டு வராமல் திரை நின்றுபோவது எந்த இணையதளத்திலும் நடப்பதுதான். உடனே இரண்டாவது முறை கட்டினால் ஒரே தேதிக்கு இரண்டு பதிவாகி, ஒன்றை ரத்து செய்யும்போது பிடித்தம் விழும். பரிவர்த்தனை எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மெயிலையும் குறுஞ்செய்தியையும் பார்த்து, கேடிடிசியின் மத்திய முன்பதிவு அலுவலகத்துக்குப் பேசிவிட்டு அப்புறம் அடுத்த அடி எடுத்து வையுங்கள். கூகுளில் முதலில் வருகிற, காப்பகத்தின் பெயரை வைத்துக்கொண்ட தனியார் தளங்கள் நிறைய. கேடிடிசியின் சொந்தத் தளத்தில்தான் அறை, வனத்துறையின் காப்பகத் தளத்தில்தான் காட்டு நடைக்குப் பதிவு.

செட்டிநாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கல், பதிவு செய்கிறவர் ஓர் ஊரில், போகிறவர் இன்னோர் ஊரில். மகன் சிங்கப்பூரிலிருந்து தன் பெயரில் போட்டுக்கொடுப்பான். கவுண்டரில் அப்பச்சி ஆதாரை நீட்டும்போது பெயர் பொருந்தாது. தங்கப்போகும் ஒருவரின் பெயரை முதல் பெயராகப் போடச் சொல்லுங்கள், கார்டு யாருடையதாக இருந்தாலும் சரி. எல்லாருடைய அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், படகுச் சீட்டுக்கும் கேட்பார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர் கூட வந்தால் அவருக்குக் காட்டு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. ஆனால் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் தேசியப் பூங்கா, சரணாலய நுழைவுக் கட்டணத்தில் இந்தியர்களுக்குச் சமம் என்று 2021 மார்ச் 4 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை சொல்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அறிவிக்கையின் பிரதியும் அசல் அட்டையும் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கும் விவரத்தை ஹோட்டல்காரர் அரசிடம் பதிய வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டையும் வீட்டில் விட்டுவிடக் கூடாது.

தேதிக்கு வருவோம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைக் காலம். குமுளி திணறும். கம்பத்திலிருந்து கேரளம் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, குமுளி வழியைத் திரும்பி வருகிறவர்களுக்கு ஒதுக்குவது வழக்கம். தேக்கடிக்கு அறை போட்டிருக்கிறேன் என்றால் விடுவார்களா என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு அந்த வாக்கில் வரும், பிறகு பழனி பாதயாத்திரை. அதனால் எப்படியும் அந்த மாதங்கள் தானாகக் கழிந்துவிடும். ஏப்ரல், மேயில் இரண்டு மாநிலத்துப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் விடுமுறை விடுவதால் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஓணத்துக்குக் கேரளக் கூட்டம், ஆயுத பூஜைக்கு நம் கூட்டம். பிப்ரவரி, மார்ச்சில் வார நாட்கள் எளிது, விலங்கு பார்க்கவும் அதுதான் நேரம்: காட்டுக்குள் சிற்றோடைகள் வற்றுவதால் யானையும் காட்டெருமையும் தண்ணீர் தேடி ஏரிக்கரைக்கு வரும். மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர் இருப்பதால் அவை கரைக்கு வர அவசியமில்லை. படகில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து நீர்க்காகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்து, ‘ஒண்ணுமே இல்லை’ என்று திட்டுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான மாதத்தில் போனவர்கள்.

கோடையில் இரண்டு தொல்லை உண்டு. நீர்மட்டம் இறங்க இறங்கப் படகும் கீழே போகும், நாம் இறங்க வேண்டிய படிகள் கூடும். ஏறி வருவது இன்னும் கஷ்டம். அடுத்தது காட்டுத்தீ. மலையேறப் போனவர்கள் பலர் இறந்த 2018 மார்ச் 11 குரங்கணித் தீக்குப் பிறகு இந்த மலைத்தொடர் முழுக்க வனத்துறைகள் கண்டிப்பாகிவிட்டன. வெயில் ஏறினால் மலைநடைகளை நிறுத்திவிடுவார்கள். நடையை நம்பி மார்ச்சில் அறை போடாதீர்கள், படகை நம்பிப் போடுங்கள்.

அறை கிடைத்தால் படகும் கிடைத்த மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம், அது தனிச் சீட்டு. படகு நேரங்கள் 7.30, 9.30, 11.15, 1.45, 3.30. முதலும் கடைசியும்தான் விலங்குக்கு ஏற்றவை, அவைதான் முதலில் தீரும். அறை உறுதியான அதே உட்காரலில் படகுச் சீட்டையும் பாருங்கள். மேல்தளம் பார்வைக்கு நல்லது, படி செங்குத்து. பெரியவர்களைக் கீழ்த்தளத்தில் உட்கார வையுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது இந்த ஏரியில்தான். விலங்கைக் கண்டு எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்ததும் காரணம் என்று அப்போது சொல்லப்பட்டது. உயிர்காப்பு அங்கியைக் குழந்தைக்கு வாரிழுத்துக் கட்டி, ‘யானை!’ என்று யார் கத்தினாலும் எழுந்திருக்கக் கூடாது என்று முன்பே சொல்லி வையுங்கள். தண்ணீரில் நிற்கும் பட்டமரங்களைப் பிள்ளைகள் கேட்பார்கள்: 1895-ல் பென்னிகுக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. இந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகையில் சேர்ந்து நம் சிவகங்கை மாவட்டத்து வயல்கள் சிலவற்றுக்கும் வருகிறது.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர், மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், பிறகு மலைப்பாதை. சுமார் 225 கிலோமீட்டர், சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஆறு மணி நேரம். மேப்பில் ‘கூடலூர்’ என்று மட்டும் அடித்தால் நீலகிரிக் கூடலூரைக் காட்டும், கவனம். சனிக்கிழமை ராகுகாலம் 9 முதல் 10.30. அது கழியட்டும் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டு, இறங்கப்போகும்போது ஆயாவுக்கு மறந்துபோன மாத்திரை டப்பாவைத் தேடிக் கிளம்பினால், குமுளி சேர ஐந்து மணி. 3.30 படகும் போச்சு, லேக் பேலஸ் படகும் போச்சு, செக்போஸ்ட் மூடும் நேரமும் நெருங்கிவிடும். காலை 6 மணிக்கே நல்ல நேரம் பார்த்துக் கிளம்புங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆரப்பாளையம் மாற வேண்டும், குமுளி பஸ் அங்கிருந்துதான். மூட்டை முடிச்சோடு அந்த மாறுதலுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வேன் பிடிக்கிறவர்கள் ஓனரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கேரள பெர்மிட்டும் வரியும் கட்டியாயிற்றா, ரசீது எங்கே? வண்டி காட்டுக்குள் ராத்திரி நிற்குமா, குமுளியிலா? டிரைவருக்குப் படுக்கை எங்கே? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு, உள்ளே இடமில்லை என்று டிரைவர் போர்வையோடு வந்து நிற்கும்போது கேட் மூடியிருக்கும். அறை போடும்போதே டிரைவர் தங்க இடம் உண்டா என்று ஹோட்டலில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் குமுளியில் ஒரு லாட்ஜ் போட்டுக் கொடுப்பது மரியாதை.

தின்பண்டம் இல்லாமல் நம் ஆட்கள் கிளம்பமாட்டார்கள். சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம் எல்லாம் போகட்டும், ஆனால் பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். செக்போஸ்ட்டில் எடுத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட. எவர்சில்வர் சம்புடம், அதுவும் இறுக மூடுகிற மூடியாக. இங்குள்ள குரங்குகளுக்குக் கவர் சரசரக்கும் சத்தமே போதும். ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தால் முதலில் குட்டி உள்ளே வரும், பின்னாலேயே தாய். மேசைமேல் இருக்கும் கண்ணாடிக்கூடு, மாத்திரைப் பட்டை, போன் எதையும் விட்டுவைக்காது. பிடுங்கினதைத் திரும்பப் பெற முறுக்கு நீட்டாதீர்கள், அடுத்த அறைக்காரருக்கு அது வினையாகும். தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில். சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் டிசம்பர், ஜனவரி ராத்திரியில் நம் ஊர் மெல்லிய போர்வை பத்தாது. மழைக்காலமானால் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலுறை கேட்டு வாங்கி, பேண்ட்டை அதற்குள் செருகிக்கொண்டே நடைக்குப் போங்கள். வேட்டியோடு போகிறவர் எண்ணிக்கொண்டு வர வேண்டியதுதான்.

உள்ளே இடமே கிடைக்கவில்லை என்றால் டாப்சிலிப், முதுமலை இரண்டிலும் தமிழக வனத்துறையின் விடுதிகள் உண்டு, பதிவு இணையத்தில்தான். முதுமலைக்கு ஊட்டி வழியே போனால் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்கக் கூடாது. தூரம் அதிகம், இரண்டு ராத்திரியாவது இருந்தால்தான் அலைச்சலுக்கு ஈடாகும்.

திரும்பும் நாளில் 11.15 படகு போட்டால் கரைக்கு வரப் பகல் 12.45 ஆகிவிடும், அறையைக் காலி செய்யும் நேரம் அதற்குள் தாண்டியிருக்கும். காலையிலேயே பில்லை முடித்து, பெட்டிகளை ரிசப்ஷனில் ஒப்படைத்துவிட்டுப் படகுக்குப் போங்கள். ஒரு மணிக்குக் கிளம்பினால் கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு, தேனியில் டீ குடித்துவிட்டு, ராத்திரி எட்டுக்குள் காரைக்குடி.