'அண்ட்' வந்தாலே காம்பவுண்டா?

"நடுவுல 'அண்ட்' வந்தா காம்பவுண்ட், சார்." ஆங்கில வாக்கியம் சிம்பிளா (தனி வாக்கியம்), காம்பவுண்டா (கூட்டு வாக்கியம்) என்று பிரிக்கச் சொன்னால், பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த விதி இது. பாதி நேரம் விடையும் சரியாக அமைந்துவிடுவதால் பிள்ளைகள் அதை விடுவதாக இல்லை.

பலகையில் இரண்டு வரி எழுதுவேன். 'ராமு அண்ட் சோமு வென்ட் டு த மார்க்கெட்.' இங்கே 'அண்ட்' கோப்பது இரண்டு பெயர்களை, வினை ஒன்றுதான். சிம்பிள். 'ராமு வென்ட் டு த மார்க்கெட், பட் சோமு ஸ்டேய்ட் அட் ஹோம்.' 'பட்'டை எடுத்துவிட்டாலும் இரு பக்கமும் தனித்தனியே நிற்கும். காம்பவுண்ட். இதுவரை தகராறு இல்லை.

'ஹி ஃபினிஷ்ட் ஹிஸ் வொர்க் அண்ட் வென்ட் ஹோம்' என்று எழுதினால்தான் வகுப்பு இரண்டாகும். ஆள் ஒருவன், வினை இரண்டு. அமெரிக்கப் பள்ளி இலக்கணத்தில் இது சிம்பிள். நம்மூர்த் தேர்வு வழக்கிலோ காம்பவுண்ட். 'ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் வொர்க், ஹி வென்ட் ஹோம்' என்ற சிம்பிளைக் காம்பவுண்டாக மாற்றச் சொன்னால் எழுதவேண்டிய விடையே அதுதான். யூடியூபில் வேறு மாதிரி பார்த்துவிட்டு வந்த ஒரு மாணவி, "எது சார் சரி?" என்று மடக்கினாள். இரண்டு மரபு இருப்பதை மறைக்காமல் சொன்னேன். மதிப்பெண் எதற்கு என்பதையும் சொன்னேன், வேறென்ன செய்ய?

எனக்குக் கைகொடுப்பது தமிழ் ஐயாவின் பாடம்தான். எழுவாய் எத்தனை இருந்தாலும் பயனிலை ஒன்றென்றால் தனிநிலைத் தொடர். ஓர் எழுவாய் பல பயனிலை பெற்றால் தொடர்நிலைத் தொடர். நம் தேர்வு வழக்கோடு அப்படியே பொருந்துகிறது. 'ஹேவிங் ஃபினிஷ்ட்' என்பது நம் 'முடித்துவிட்டு' போன்ற எச்சம், கணக்கில் சேராது. முற்றை, அதாவது 'முடித்தான்', 'போனான்' போல முடிந்து நிற்கும் வினையை, மட்டும் எண்ணச் சொல்வேன். 'பிகாஸ்', 'தோ', 'வென்' வந்தால் இந்த எண்ணிக்கை செல்லாது, அது காம்ப்ளெக்ஸ் (கலவை வாக்கியம்). அதற்குத் தனி வகுப்பு.

போன வாரம் 'ஹரி அப், ஆர் யூ வில் மிஸ் த பஸ்' என்று எழுதிப் போட்டேன். முன்பாதியில் எழுவாயே இல்லை, எப்படிக் காம்பவுண்ட் ஆகும் என்று முன்வரிசை கேட்டது. நான் வாய் திறக்குமுன் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது: "தோன்றா எழுவாய்டா!"