கல்லாவுக்கு இந்தப் பக்கம்

ஜெர்மனிக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் குறைகளில் குளிரும் சாப்பாடும் முதலில் வரும். அதற்கடுத்த இடம் கடைக்காரர்களுக்கு. "கேட்டால் பதில் சொல்வதில்லை. சாமானைத் தூக்கி வீசுகிறார்கள். நம்மைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்." நானும் இப்படிப் புலம்பியவன்தான். பிறகு ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் உள்ள கெம்னிட்ஸ் நகரில் முதுகலை படித்தபோது கைச்செலவுக்காக ஒரு மலிவு விலை அங்காடியில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன். சரக்கு அடுக்கினேன், ரொட்டி சுட்டேன், சில மாதங்களில் கல்லாவிலும் உட்கார வைத்தார்கள். யாரைப் பற்றிப் புலம்பினேனோ அந்த ஆளாகவே மாறிய பிறகு, என் புகாரில் பாதி கரைந்துபோனது. மீதிப் பாதி முன்பைவிடக் கெட்டிப்பட்டது.

கரைந்த பாதியை முதலில் சொல்கிறேன்.

அவ்வளவு பெரிய கடையில் பெரும்பாலான நேரம் இருப்பது மூன்றே பேர். ஒருவர் கல்லாவில். ஒருவர் பின்கதவில் வந்து இறங்கிய பாலெட்டை, அதாவது பலகைத் தட்டில் அடுக்கி வரும் சரக்கை, பிரித்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் ஷிஃப்ட் பொறுப்பாளர். காலாவதித் தேதி பார்ப்பது, ரொட்டி அடுப்பு, காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் இயந்திரம், கழிவறைச் சாவி எல்லாம் அவர் தலையில். வரிசை நீண்டால் மணி அடிக்கும். சரக்கு பிரிப்பவர் கையிலிருக்கும் பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டாவது கல்லாவுக்கு ஓட வேண்டும். இதற்கு நடுவில் ஒருவர் வந்து "புளி எங்கே இருக்கும்?" என்று கேட்டால், நின்று பேச அங்கே ஆளில்லை. கேள்வி கேட்கவே தேவையில்லாத கடை என்ற எண்ணத்தில்தான் அதை அமைத்திருக்கிறார்கள். பொருள் வகைகள் குறைவு, கிளைக்குக் கிளை அதே வரிசையில் அடுக்கு, விலையும் குறைவு. விலையில் குறைந்த காசுக்குப் பதிலாக ஆளைக் குறைத்திருக்கிறார்கள்.

சாமானைத் தூக்கி வீசும் கதையும் அப்படித்தான். ஸ்கேனரைத் தாண்டிய பக்கம் இடம் மிகக் குறுகல். அது தெரிந்தே செய்த ஏற்பாடு. வாடிக்கையாளர் பொருளை அப்படியே தள்ளுவண்டிக்குள் வாரிப் போட்டுக்கொண்டு, பணம் கொடுத்துவிட்டு, சுவரோரத் திண்டில் வைத்துப் பையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். கல்லாவிலேயே நின்று முட்டையைத் தனியாக, தக்காளியைத் தனியாக அடுக்கத் தொடங்கினால் பின்னால் இருப்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். எப்படித் திருப்பினாலும் பதியட்டும் என்று பல பொட்டலங்களில் பார்கோடைப் பல பக்கமும் அச்சடித்திருப்பார்கள். ஆல்டி என்ற ஜெர்மன் மலிவு விலை அங்காடிகளில் 2000-களின் தொடக்கம் வரை ஸ்கேனரே கிடையாது. ஊழியர்கள் விலைகளையும் குறியீட்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு விரலால் தட்டியே முடித்துவிடுவார்கள். அந்த வேகம்தான் இந்தத் தொழிலின் பெருமிதம். நான் உட்கார்ந்த கல்லாவும் நிமிடத்துக்கு எத்தனை பொருள் என்று கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கில் புன்னகைக்குக் கட்டம் இல்லை.

உட்கார்ந்த என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கல்லாக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார். தி. நகர் ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்துப்போடும் பெண்கள் காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். கேரளம் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, பெண் ஊழியர்களின் போராட்டத்துக்குப் பின் கொண்டுவந்தது. நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டபின் "வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கிறேன்" என்று எழுந்தாலும் "பரவாயில்லை அக்கா, வாருங்கள்" என்று வழியனுப்பும் அந்தப் பெண்களைத்தான் 'நல்ல கடை ஊழியர்' என்பதற்கு அளவுகோலாக மனத்தில் வைத்துக்கொண்டு நாம் விமானம் ஏறுகிறோம். அந்தக் கனிவுக்கு அவர்களுடைய கால் நரம்புகள் கொடுக்கும் விலை நம் கணக்கில் ஏறுவதே இல்லை.

ஜெர்மானியர்களே தங்கள் கடைகளில் கிடைக்கும் சேவையைப் பாலைவனம் என்று கேலி செய்வார்கள். ஆனால் சோலையைக் கொண்டுவந்து வைத்தபோது அது பிடிக்கவும் இல்லை. அமெரிக்காவின் வால்மார்ட் 1997-இல் ஜெர்மனிக்குள் நுழைந்து, வாசலில் ஆள் நிறுத்தி வணக்கம் சொல்ல வைத்தது. கல்லாவில் பையில் போட்டுத் தரவும் ஆள் வைத்தது. வந்தவர்களில் பலர் இந்த ஆள் எதற்கு என் சாமானைத் தொடுகிறான் என்று முகம் சுளித்தார்கள். ஊழியர்களுக்கிடையிலான காதல் வரை கட்டுப்படுத்தப் பார்த்த நிறுவனத்தின் நடத்தை விதிகளில் சிலவற்றை 2005-இல் வூப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2006-இல் 85 கடைகளையும் மெட்ரோ குழுமத்திடம் விற்றுவிட்டு வால்மார்ட் வெளியேறியது. தோல்விக்கு விலைப் போட்டி முதலான பெரிய காரணங்கள் வேறு உண்டு. ஆனாலும் கல்லாவில் சிரிப்பை எதிர்பார்க்காத மக்கள் இருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் பலர் அறிந்தார்கள்.

கெம்னிட்ஸுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1953 முதல் 1990 வரை அது கார்ல் மார்க்ஸ் நகரம்; ஏழு மீட்டர் உயர மார்க்ஸின் தலை இன்றும் நடுவூரில் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த மூத்த பெண்மணி அன்றைய கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் கூட்டுறவுக் கடையொன்றில் வேலை பழகியவர். அன்றைக்கு நல்ல சரக்கு வந்தால் அது அடுக்குக்கே போகாதாம். கல்லாவுக்கு அடியில் போய்த் தெரிந்தவர்களுக்கு மட்டும் வெளியே வருமாம். பாமாயில் வந்த அன்று நம் ரேஷன் கடைக்காரருக்கு ஊரில் இருக்கும் மதிப்பை நினைத்துக்கொண்டால் போதும். வாடிக்கையாளரைக் கெஞ்ச வைத்த காலத்தில் தொழில் பழகியவருக்கு, கெஞ்சும் குரலில் பேசு என்று பிற்காலத்தில் யார் பயிற்சி கொடுத்தாலும் ஏறாது. அவர் பள்ளியில் படித்த முதல் அந்நிய மொழி ரஷ்யன். ஆங்கிலம் சுத்தமாக வராது.

ஒருநாள் பாட்டில் இயந்திரத்தருகே ஓர் இந்தியப் பெண், கையில் ஒரு வயதுக் குழந்தை, காலடியில் இரண்டு பை நிறையக் காலி பாட்டில்கள். ஒரு முறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 2003 முதல் ஜெர்மனியில் 25 சென்ட் முன்பணம் வாங்குகிறார்கள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். அந்தப் பெண் இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நன்றாக நசுக்கி எடுத்து வந்திருந்தார். உருவத்தையும் உறையில் உள்ள குறியையும் படிக்க முடியாத இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருந்தது. அவர் உதவிப் பொத்தானை அழுத்த, என் மூத்த சகா வந்தார். பாட்டிலைப் பார்த்தார். "முடியாது" என்று ஜெர்மனில் ஒரு சொல். திரும்பிப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது எனக்கு இரண்டு வரிசை தள்ளியே தெரிந்தது. அவர் என்ன நினைத்திருப்பார் என்பதும் தெரியும்; நானும் அதையேதான் நினைத்திருப்பேன்.

ஆனால் எனக்கு மறுபக்கமும் தெரிந்திருந்தது. குளிர்பெட்டிக்குப் போகாமல் ஒரு பாலெட் பால் வெளியே நின்றது. ரொட்டி அடுப்பு கூவிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலாக, விளக்கிச் சொல்ல அவரிடம் ஆங்கிலம் இல்லை. நான் போய், உருக்குலையாத பாட்டிலைத்தான் இயந்திரம் எடுக்கும், நசுங்கியதை வாயால் ஊதி ஓரளவு நிமிர்த்திப் பாருங்கள் என்றேன். நிமிர்ந்தவற்றில் பலவற்றை அது எடுத்துக்கொண்டது. மாலை இடைவேளையில் அந்த மூத்த சகா என்னிடம் வந்து, "அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய்?" என்றார். சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லச் சொல்லி, ரசீதுத் தாளின் முதுகில், காதில் விழுந்தபடி ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் உச்சரித்த ஆங்கிலம் யாருக்கும் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

வெறுப்பும் இல்லாமல், மொழி தெரியாத வெட்கமும் இல்லாமல், வெறும் தொழில் தந்திரமாக வரும் ஒத்துழையாமையும் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த தம்பி ஒருவன் மின்சாதனக் கடை ஒன்றில் வாங்கிய தண்ணீர்க் கெட்டில் ஐந்தாம் மாதமே நின்றுபோனது. கடைக்குப் போனால், "தயாரிப்பாளருக்கு எழுதுங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். "கறுப்பாக இருப்பதால்தான் அண்ணா இப்படி" என்றான். மறுநாள் இருவரும் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மானியப் பாட்டி பழுதான இஸ்திரிப் பெட்டியோடு நின்றார். அவருக்கும் அட்சரம் பிசகாமல் அதே பதில். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த நாட்டுச் சட்டப்படி, விற்ற பொருளின் குறைக்கு இரண்டு ஆண்டுகள் பொறுப்பு விற்றவருடையது. 2022 முதல், வாங்கிய 12 மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பாடு. தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் வேறு, இது வேறு. குடிமைச் சட்டத் தொகுப்பின் 437-ஆம் பிரிவு என்று நான் எண்ணைச் சொன்னதும் அந்த விற்பனையாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மேசைக்கடியிலிருந்து படிவத்தை எடுத்து வைத்து, "பில் இருக்கிறதா?" என்றார். புதுக் கெட்டிலோடு வெளியே வந்தோம். பாட்டிக்கு அந்த எண் தெரியாதே என்பதுதான் எனக்கு உறுத்தியது. எந்தக் கடையில் மனம் நொந்தாலும் இரண்டு நிமிடம் ஒதுங்கி நின்று, அடுத்து வரும் உள்ளூர்க்காரருக்கு என்ன மரியாதை நடக்கிறது என்று பார் என்று புதிதாக வருபவர்களிடம் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்போது கெட்டிப்பட்ட பாதி.

ஒரு மாலை நான் கல்லாவில் இருந்தேன். ஆப்பிரிக்க இளைஞர்கள் இருவர் வரிசையில் வந்தார்கள். ஒருவன் தோளில் சிறிய முதுகுப்பை. ஷிஃப்ட் பொறுப்பாளர் என் பின்னால் வந்து, தாழ்ந்த குரலில், "அந்தப் பையைத் திறந்து காட்டச் சொல்" என்றார். அவர்களுக்கு முன்னால்தான் வேலைச் சட்டை போட்ட ஒரு ஜெர்மானியர், அதைவிட இரு மடங்கு பெரிய பையோடு, மாலை வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போயிருந்தார். தகுந்த சந்தேகம் இல்லாமல் வாடிக்கையாளரின் பையைச் சோதிக்கக் கடைக்கு உரிமையில்லை என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது; எங்கள் பயிற்சித் தாளிலும் அது இருந்தது. "நான் எதையும் பார்க்கவில்லையே" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தாமே முன்னால் போய், இனிய குரலில், சிரித்த முகத்தோடு, தயவுசெய்து என்ற சொல்லையும் சேர்த்து அந்த இளைஞனிடம் கேட்டார். அவன் மறுக்கவில்லை. மறுக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பையில் இரண்டு பாடப்புத்தகங்களும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "மிக்க நன்றி, நல்ல மாலையாக அமையட்டும்" என்றார் பொறுப்பாளர்.

இந்தப் பொறுப்பாளர்தான் என் பிறந்த நாளுக்கு வீட்டில் கேக் சுட்டு எடுத்து வந்தவர். கல்லா வேலையை எனக்குப் பொறுமையாகக் கற்றுத்தந்தவரும் அவரே. நான் அவ்வளவு நாளும் சகாக்களில் கனிவானவர் என்று அவரைத்தான் நினைத்திருந்தேன். பாட்டில் இயந்திரத்தருகே ஒற்றைச் சொல்லோடு போனவரைக் கடுகடுப்பானவர் என்று வைத்திருந்தேன். அந்தப் பெண்மணி யார் பையையும் திறக்கச் சொன்னதில்லை. எல்லோரிடமும் ஒரே கடுகடுப்பு.

2018 ஆகஸ்டில் இதே நகரத் தெருக்களில் தீவிர வலதுசாரிகள் திரண்டு வெளிநாட்டவரைத் தாக்கியும் துரத்தியும் நடந்த சம்பவங்கள் உலகச் செய்தியாயின. அதற்குப் பிறகு அங்கே வாழும் வெளிநாட்டவருக்கு ஒரு கல்லாக்காரர் நிமிர்ந்து பார்க்காவிட்டாலும் அது வெறும் களைப்பாகத் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. உள்ளூர்க்காரருக்கு ஒரு மோசமான கடை, வெறும் மோசமான கடைதான். வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார். நமக்கு அது எல்லோருக்கும் நடந்ததா, எனக்கு மட்டுமா என்ற கணக்கு ராத்திரி வரை ஓடும். உதவாத ஊழியரைவிட அந்தக் கணக்குதான் ஆளை அதிகம் களைக்க வைக்கிறது. முகத்தை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது என்பதை மட்டும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததால் தெரிந்துகொண்டேன்.

நிரூபிக்கும்படியான பாகுபாட்டுக்கு வழி இல்லாமலில்லை. 2006-இல் வந்த பொதுச் சமநடத்தைச் சட்டம் கடைகளையும் கட்டுப்படுத்தும். ஆலோசனை சொல்ல அரசின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகமும் இருக்கிறது. ஆனால் இழப்பீடு கேட்க வேண்டுமானால் இரண்டு மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். தேதி, நேரம், சாட்சி எல்லாம் வேண்டும். என் வகுப்புத் தோழன் ஒருவனைக் கைப்பேசிக் கடையில், கடவுச்சீட்டைப் பார்த்தவுடன், "உங்கள் நாட்டவருக்கு ஒப்பந்தம் தருவதில்லை" என்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதைவிடத் தெளிவான வழக்கு கிடைக்காது. நானும் அவனும் உட்கார்ந்து கடிதம் எழுதத் தொடங்கினோம். உடன் வந்திருந்த நண்பனைச் சாட்சியாகப் போடக் கேட்டபோது, விசா புதுப்பிக்கும் நேரத்தில் எங்கும் தன் பெயர் வர வேண்டாம் என்று அவன் மறுத்துவிட்டான். அதற்குள் செமஸ்டர் தேர்வு வந்தது. தோழன் வேறொரு கடையில் முன்கட்டண சிம் வாங்கிக்கொண்டான்.