பழைய வண்டிக்குப் பவுடர் கோட்டிங்: காசு எங்கே மிச்சமாகும், எங்கே வீணாகும்

பவுடர் கோட்டிங் என்பது உலர்ந்த வண்ணப் பொடியை மின்னூட்டத்தால் இரும்பில் ஒட்டவைத்து, ஓவனில் சுட்டுப் படலமாக்கும் முறை. கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் இருக்கும் பவுடர் கோட்டிங் பட்டறைகள் பைக்கை நம்பி நடப்பவை அல்ல. மோட்டார் பாடி, பம்ப் பாகங்கள், கிரைண்டர் ஸ்டாண்டு, எலக்ட்ரிக்கல் பேனல் பெட்டி என்று நூற்றுக்கணக்கில் வரும் ஜாப் வொர்க்தான் அவர்களுக்குச் சோறு. ஈரோடு, சேலம் பக்கம் போனால் கிரில், பீரோ. கரூரில் பஸ் பாடி சாமான். இந்த ஓட்டத்துக்கு நடுவே ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஃபிரேமையும் நாலு சில்லறைச் சாமானையும் கொண்டுபோய் வைத்தால் அது அவர்களுக்குத் தொந்தரவு. அந்தத் தொந்தரவுக்குத்தான் அதிகக் காசு கேட்கிறார்கள், பவுடருக்கு இல்லை.

கணக்குப் போட்டால் புரியும். ஃபிரேம், ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்டு, சைடு ஸ்டாண்டு, ஃபுட்ரெஸ்ட் கம்பி எல்லாம் சேர்த்து மேற்பரப்பு சுமார் 2 சதுர மீட்டர் வரும். 75 மைக்ரான் கனத்துக்கு அதில் ஒட்டி நிற்கும் பவுடர் கால் கிலோவுக்கும் குறைவு. குழாய்ச் சாமானில் பாதி பவுடர் காற்றில் போகும் என்று வைத்தாலும் அரைக் கிலோ தாராளம். ஆனால் கறுப்பு ஓடிக்கொண்டிருக்கும் பூத்தில் (பவுடர் அடிக்கும் கூண்டில்) உங்களுக்காகச் சிவப்பு அடிக்க வேண்டுமென்றால் கன், ஓஸ், பவுடர் டப்பா, பூத் சுவர் எல்லாவற்றையும் ஊதித் துடைக்க வேண்டும். திரும்பக் கறுப்புக்கு வர இன்னொரு முறை துடைக்க வேண்டும். அரை நாள் போய்விடும். அதனால் ஃபிரேமுக்குப் பளபளக் கறுப்பு போதுமென்றால் "அண்ணா, நீங்க கறுப்பு ஓட்டுற அன்னிக்கே போட்டுக் குடுங்க, அவசரமில்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். பேரம் பேசிக் குறைப்பதைவிட இதில் அதிகம் குறையும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மட்டும் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

எந்தப் பவுடர் என்று கட்டாயம் கேளுங்கள். கட்டடத்துக்குள் இருக்கும் சாமானுக்கு எபாக்ஸியோ எபாக்ஸி பாலியஸ்டர் கலவையோ அடிப்பார்கள். அது வெயிலில் நின்றால் மேலே வெள்ளைப் பொடி பூத்து மங்கும். வண்டிக்கு வேண்டியது ப்யூர் பாலியஸ்டர். பேனல் பெட்டிக்கு அடித்து மிஞ்சியதை உங்கள் ஃபிரேமுக்கு அடித்தாலும் வாங்கும்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு கோடை போனால் தெரியும். நிறத்தை ரால் (RAL) எண்ணாக, அதாவது எல்லாப் பட்டறைக்கும் பொதுவான நிற எண்ணாகச் சொல்வது நல்லது: கறுப்புக்கு 9005, சில்வருக்கு 9006. சில்வர் மெட்டாலிக்குக்கு மேலே ஒரு கிளியர் கோட் போட்டால்தான் நிறம் நிற்கும். அது இன்னொரு முறை ஓவனுக்குள் போகும், காசும் கூடும். சொரசொரப்பான டெக்ஸ்சர் கறுப்பு போடலாம் என்று பட்டறையே ஆசை காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். துருக்குழியை மறைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இனி முன்வேலை. பவுடர் கோட்டிங் உரிகிறது என்று வரும் புகாரில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வழக்கமான பட்டறையில் ஏழு டேங்க் இருக்கும்: எண்ணெய் நீக்குவது, தண்ணீர், துரு எடுக்கும் ஆசிட், தண்ணீர், பவுடர் பிடிக்க உதவும் பாஸ்பேட், தண்ணீர், கடைசியாகத் துருவைத் தடுக்கும் பாசிவேஷன். தகட்டுக்கும் பட்டைக் கம்பிக்கும் இது அருமையான முறை. ஃபிரேமை மட்டும் ஆசிட் டேங்கில் முக்க விடாதீர்கள். குழாய்க்குள் புகுந்த ஆசிட் முழுசாகக் கழுவப்படாது. கோட்டிங் முடிந்து சில மாதம் கழித்து வெல்டிங் ஓரமாகக் கசிந்து, படலத்தை அடியிலிருந்து தூக்கும். ஃபிரேமுக்கு பிளாஸ்டிங்தான் சரி, அதாவது மணலையோ எஃகுக் குண்டையோ வேகமாக அடித்துத் துருவையும் பெயின்டையும் எடுப்பது. ஸ்டாண்டு ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங், உறுதியான போல்ட் இவையும் ஆசிட் பக்கம் போகக் கூடாது. ஆசிட்டிலிருந்து வரும் ஹைட்ரஜன் கெட்டியான எஃகுக்குள் ஊறி, பின்னால் பாரம் ஏறும்போது சட்டென்று முறியும்.

ஊரைச் சுற்றி ஃபவுண்டரி இருப்பதால் ஷாட் பிளாஸ்ட் மலிவாகக் கிடைக்கிறது. வார்ப்புக்கு அடிக்கும் எஃகுக் குண்டு அது. ஃபிரேம், ஸ்டாண்டு போன்ற கனமான சாமான் தாங்கும். மட்கார்டு, செயின் கவர், டூல் பாக்ஸ் போன்ற மெல்லிய தகட்டை அதில் போட்டால் நெளிந்து, குண்டும் குழியுமாக வரும். பிறகு எந்த டிங்கராலும் நேராக்க முடியாது. தகட்டுக்குப் பெயின்ட் ரிமூவர் தடவி, கால் மணி நேரம் விட்டுச் சுரண்டி எடுப்பதே போதும். கையுறை போட்டுக்கொண்டு, வாசலில் வைத்துச் செய்யுங்கள்.

பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஃபிரேமை டீசலும் பிரஷும் கொண்டு தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். செயின் கிரீஸோடு கொடுத்தால் அந்தக் கிரீஸ் குண்டோடு சேர்ந்து இரும்பின் சொரசொரப்புக்குள் இறங்கிவிடும். பின்னால் பவுடர் அங்கே மீன்கண் போல விலகும். சேஸ் நம்பர் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று அடுக்கு தடித்த டேப் ஒட்டியே அனுப்புங்கள். அதற்கு முன்னால் நம்பர் மேல் வெள்ளைத் தாள் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சும், தெளிவான போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது எழுத்து மழுங்கியிருந்தால் அங்கே நீங்கள் சொல்லும் எந்தச் சமாதானமும் எடுபடாது. ஃபிரேமின் நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் பெட்ரோல் டேங்க் நிறம் ஆர்சியில் இருப்பதிலிருந்து மாறினால் ஆர்டிஓவில் பதிய வேண்டும்.

பிளாஸ்டிங் முடிந்த ஃபிரேமை நேராகக் கோட்டிங்குக்கு அனுப்பாமல் ஒரு பார்வை பாருங்கள். பெயின்ட் மறைத்து வைத்திருந்த விரிசல் அப்போதுதான் தெரியும். சென்டர் ஸ்டாண்டு கண், எஞ்சின் மவுண்ட், ஷாக் அப்சார்பர் மேல் பிடி, சீட் குழாய் வளைவு இவை வழக்கமான இடங்கள். வெல்டிங் வைப்பதென்றால் இப்போதே வைத்து, கசடையும் தெறிப்பையும் சீவி விடுங்கள். கசடின் மேல் பவுடர் நிற்காது. குழாய்க்குள் தங்கிய மணலையும் குண்டையும் தட்டி, காற்றால் ஊதி எடுங்கள். இல்லாவிட்டால் அது கோட்டிங் பூத்தில் ஊதும்போது வெளியே வந்து இன்னும் சுடாத பவுடர் மேல் மணல் தூவியது போல உட்காரும். இதையெல்லாம் ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். பிளாஸ்ட் அடித்த வெறும் இரும்பு ஆடிச் சாரலில் ஒரு ராத்திரி கிடந்தால் மஞ்சள் துரு பூத்துவிடும். வெறும் கையாலும் தொடாதீர்கள்.

மாஸ்கிங்கை, அதாவது பவுடர் படக் கூடாத இடங்களை மூடுவதை, நீங்களே செய்துகொண்டு போவதுதான் இரண்டாவது பெரிய மிச்சம். பட்டறைப் பையனுக்கு எது பேரிங் உட்காரும் இடம், எது சும்மா ஓட்டை என்று தெரியாது. முதலில் எல்லா பேரிங், கோன் செட் கப், ரப்பர் சைலன்ட் பிளாக், புஷ், ஆயில் சீல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். 200 டிகிரியில் ரப்பர் கருகும், கிரீஸ் உருகி வழிந்து பக்கத்துச் சாமானையும் கெடுக்கும். ஷாக் அப்சார்பரைக் கழற்றாமல் அப்படியே ஓவனில் வைப்பது வெடிகுண்டு வைப்பதற்குச் சமம். உள்ளே எண்ணெய் அடைபட்டிருக்கிறது. கழற்றிய இடங்களுக்கு சூடு தாங்கும் பச்சை நிற பாலியஸ்டர் டேப்பும், சிலிக்கான் ரப்பர் அடைப்பானும் போடுங்கள். சாதாரணக் காகித டேப் கருகி ஒட்டிக்கொள்ளும். மரைகளுக்கு வேண்டாத பழைய போல்ட்டைத் திருகி விட்டால் போதும். எஞ்சின் மவுண்ட் தகட்டின் இரு முகம், ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டு முகம், அச்சு நட் உட்காரும் இடம் இவற்றில் கோட்டிங்கே வேண்டாம். நட்டை இறுக்கிய பிறகு நடுவில் அகப்பட்ட படலம் நசுங்கி ஒதுங்கும், இறுக்கம் தளரும். சாமானைத் தொங்கவிடும் கொக்கியை எந்த ஓட்டையில் மாட்ட வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். கொக்கி தொட்ட இடம் வெறும் இரும்பாகவே இருக்கும்.

அலுமினிய ஹப்பும் பிரேக் பிளேட்டும் தனிக் கதை. முப்பது வருஷம் கிரீஸும் எண்ணெயும் குடித்த வார்ப்பு அது. நேராகப் பவுடர் அடித்துச் சுட்டால் துவாரங்களிலிருந்து காற்றும் எண்ணெயும் கிளம்பி ஊசிமுனைக் கொப்புளமாக வரும். வெறும் ஹப்பை முதலில் 210, 220 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு, கசிந்ததைத் தின்னரால் துடைத்து, பிறகு அடிக்கச் சொல்லுங்கள். ஆசிட்டிலோ காஸ்டிக்கிலோ போட வேண்டாம், அலுமினியம் கரையும். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் இரும்பு வளையத்துக்கு மாஸ்கிங் கட்டாயம்.

பெட்ரோல் டேங்கை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒடுக்கு எடுத்துப் பட்டி பூசிய டேங்க் ஓவனில் பட்டி வெடித்து வரும். உள்ளே சீலர் ஊற்றியிருந்தால் அதுவும் கெடும், பெட்ரோல் வாடை மிச்சமிருந்தால் ஆபத்தும் கூட. டேங்குக்கும் சைடு கவருக்கும் நல்ல பெயின்டரிடம் இரண்டு பாகப் பியூ (பாலியூரிதேன்) பெயின்ட்தான். சைலன்சருக்குச் சாதாரணப் பவுடர் தாங்காது, எஞ்சின் பக்க வளைவில் முதலில் கருகும். குரோம் ரிம் மேல் பவுடர் அடிக்கவும் கேட்காதீர்கள். வழுவழுப்பில் பிடிக்காமல் சீட்டுச் சீட்டாக உரியும்.

சாமான் திரும்பி வந்ததும் காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. ஸ்டீயரிங் தலைக்குழாயின் அடியில், இரண்டு குழாயும் தகடும் சேரும் முக்கில் விரலை விட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் முக்குக்குள் பவுடரைப் போகவிடாது. கன்னில் வோல்டேஜைக் குறைத்து அடித்தால்தான் நுழையும். அங்கே மெல்லிசாக இருந்தால் துரு முதலில் அங்கிருந்துதான் கிளம்பும். ஆரஞ்சுத் தோல் போல் இருந்தால் கனம் அதிகம். வேகாத கோட்டிங்கைக் கண்ணால் பிடிக்க முடியாது. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் ஸ்டாண்டின் உள்பக்கம் முப்பது தரம் அழுத்தித் தேயுங்கள். கறுப்பு தாராளமாக ஒட்டினாலோ, தேய்த்த இடம் நகத்துக்கு இளகினாலோ வேகவில்லை. ஓவன் மீட்டர் 200 காட்டுவது காற்றின் சூடு. இரும்பு அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு 10 நிமிடம், 180 என்றால் 20 நிமிடம் நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு மாதிரிக் கனமான சாமானை மெல்லிய தகட்டோடு ஒரே நேரத்தில் வெளியே இழுத்தால் ஸ்டாண்டு அரைவேக்காடுதான். இது திரும்ப ஓவனில் வைத்தாலே சரியாகும், கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

பூட்டும்போது மரைகளுக்கு டேப் (tap, மரை வெட்டும் கருவி; ஒட்டும் டேப் இல்லை) விட வேண்டிவரும். ஆர்எக்ஸ் 100 போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் எம்6 என்றால் பிட்ச் (மரைக்கும் மரைக்கும் நடுவே உள்ள தூரம், மில்லிமீட்டரில்) 1, எம்8க்கு 1.25, எம்10க்கும் 1.25. ஹார்டுவேர் கடையில் எம்10 டேப் என்று மட்டும் கேட்டால் 1.5 பிட்ச்சைத் தருவார்கள். அதை விட்டால் நல்ல மரையும் போச்சு. பழைய புல்லட்டில் சில இடங்களில் இங்கிலாந்து மரை இருக்கும், அங்கே மெட்ரிக் டேப்பே கூடாது. கடைசியாக, எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட் அடியில் கோட்டிங்கை எமரியால் வட்டமாகச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய விட்டு, கொஞ்சம் கிரீஸ் தடவி முறுக்குங்கள். பளபளவென்று பூட்டி முடித்த வண்டியில் ஹாரனும் இண்டிகேட்டரும் செத்துக் கிடந்தால் ஒயரிங்கை அவிழ்க்கும் முன் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.