சோறு வயலிலிருந்து, காசு வேறெங்கிருந்தோ: ஜாவா கிராமம் ஒன்றில்

1500 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 37 சென்ட். நான் தங்கியிருந்த வீட்டுக்காரருக்குச் சொந்தமான வயல் மொத்தமே இவ்வளவுதான். ஆனால் வீடு நல்ல வீடு, தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறது, வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, மகனைத் தொழிற்கல்வி வரை படிக்க வைத்திருக்கிறார்கள். 37 சென்டில் இதெல்லாம் எப்படி முடியும் என்று கேட்டுக் கேட்டே அந்த ஊரில் என் பொழுது போனது. அவர்களும் சலிக்காமல் பதில் சொன்னார்கள்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், யோக்யகர்த்தா நகரிலிருந்து மேற்கே போய், புரோகோ ஆற்றைத் தாண்டினால் குலோன் புரோகோ மாவட்டம் வரும். அங்கே நங்குலான் பக்கம் இருக்கிற சின்ன ஊர். மேற்கே மெனோரே மலைத்தொடர், வானம் தெளிவாக இருக்கிற காலைகளில் வடகிழக்கே மெராபி எரிமலை, இடையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். வரவு செலவையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொன்ன மனிதர்கள் என்பதால் ஊர்ப் பெயரைப் போடவில்லை. நான் போனது 2025 ஜூன் தொடக்கத்தில், இரண்டாம் போக அறுவடை, பக்ரீத், கல்யாண சீசன் மூன்றும் ஒன்றாக வந்து நின்ற நேரம்.

முதலில் நெல்லைச் சொல்லிவிடுகிறேன். 37 சென்டில் நல்ல விளைச்சல் என்றால் ஈர நெல்லாக 800 கிலோ வரும். 2025 தொடக்கத்தில் அரசு கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 6,500 ரூபியா என்று உயர்த்தியது, அதனால் அந்த வருஷம் வியாபாரிகளாலும் ரொம்பக் கீழே கேட்க முடியவில்லை. முழுதையும் விற்றால் 52 லட்சம் ரூபியா. கேட்கப் பெரிதாக இருக்கும், ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய 190 ரூபியா என்று வைத்தால் நம் பணத்தில் சுமார் 27,000 ரூபாய். அதில் கை டிராக்டர் கூலி, நடவுக் கூலி, உரம், அறுவடைக் கூலி எல்லாம் போக வேண்டும். மானிய யூரியா அப்போது கிலோ 2,250 ரூபியாதான், ஆனால் விவசாயிகள் குழு மூலமாகப் பட்டியலில் பெயர் ஏறியிருந்தால்தான் கிடைக்கும், அதுவும் ஒதுக்கீட்டு அளவுக்கு மேல் ஒரு பிடி கிடையாது. இவர் நெல்லை விற்பதே இல்லை. காயவைத்து அரைத்தால் 400 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் அரிசி கிடைக்கும், நாலு பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு ஒரு போக நெல்லே வருஷத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் போகம் அக்காவுக்கு, கல்யாண வீடுகளுக்கு என்று பிரிந்து போகும்.

ஊரில் பாதிப் பேருக்கு இந்த 37 சென்டும் கிடையாது. அவர்கள் 'மாரோ'வில் உழுகிறார்கள், விளைந்ததில் பாதி நிலத்துக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. உரச் செலவு யார் போடுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கிராம அதிகாரிகளுக்கென்று தனி நிலம் உண்டு, அதன் பெயர் பெலுங்குஹ், பதவியில் இருக்கிற வரை அதன் விளைச்சல் அவர்களுக்கு. அந்த நிலத்தையும் பெரும்பாலும் வேறு யாரோதான் பங்குக்கு உழுகிறார்கள். அறுவடையிலும் பழைய முறை ஒன்று இருந்தது. 'அனி-அனி' என்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற கத்தியால் பெண்கள் கதிரை ஒவ்வொன்றாக அறுப்பார்கள், யார் வேண்டுமானாலும் வயலில் இறங்கலாம், அறுத்ததில் ஒரு பங்கை நெல்லாகவே கூலியாக எடுத்துக்கொண்டு போகலாம். குட்டை ரக நெல் வந்த பிறகு, 1970-களில், அரிவாள் வந்தது, நிற்கிற பயிரையே மொத்த விலை பேசி வாங்குகிற வியாபாரி வந்தார், அவர் தன் ஆட்களைக் கூட்டி வந்தார். நிலமில்லாத பெண்களுக்கு அன்று போன நெல் திரும்பி வரவே இல்லை. பசுமைப் புரட்சியின் விளைச்சல் கணக்கைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தண்ணீருக்குக் குறையில்லை. புரோகோ ஆற்றிலிருந்து பிரிகிற கலிபாவாங் வாய்க்கால் இந்தப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது, எந்தப் பகுதி எப்போது நடவேண்டும் என்பதை முன்கூட்டியே முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். கிராம நிர்வாகத்தில் தண்ணீர் விவகாரத்தைப் பார்க்கவென்று ஏற்பட்ட 'ஊலு-ஊலு' என்று ஒரு பதவி இருக்கிறது.

அரவை மில்லுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, மில்லே வீட்டுக்கு வருகிறது. பழைய டீசல் வண்டியின் முதுகில் அரவை இயந்திரத்தை ஏற்றிக் கட்டி, தெருத் தெருவாக ஓட்டிக்கொண்டு வருகிறார் ஒருவர். வண்டி சத்தம் முக்கு திரும்பும்போதே வீட்டுக்கார அம்மா மூட்டையை வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார். மேலே நெல்லைக் கொட்ட, ஒரு பக்கம் உமி பறக்க, முதல் சுற்றில் வந்த பழுப்பு அரிசியை அந்த அம்மா கையில் அள்ளிப் பார்த்து, திரும்ப மேலே கொட்டி இன்னொரு சுற்று விடச் சொன்னார். அப்புறம் கீழே விழுந்த தவிட்டை ஒரு துளி விடாமல் பெருக்கிக் கோழிக்கு என்று தனியாகக் கட்டி வைத்தார். கால் மணி நேரத்தில் தெருவில் மூன்று வீட்டு நெல் அரிசியாகிவிட்டது.

வயலில் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு போனதுதான். எல்லாரும் அவரை 'ம்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அறுக்காமல் நின்ற ஒரு பாத்தியில் இறங்கி, தூரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஓடுகிற சிலந்திகளைக் காட்டினார், வயிற்றின் பின்முனையில் முட்டைப் பையைச் சுமந்த ஒன்றைச் சுட்டி, இவள் இருக்கிற வரை மருந்துக்கு அவசியமில்லை என்றார். இது அவர் தானாகக் கற்றதல்ல. 1980-களில் ஜாவா முழுக்கப் புகையான் பூச்சி நெல்லைச் சூறையாடியது. மருந்து அடிக்க அடிக்கச் சிலந்தி செத்தது, புகையான் பெருகியது. 1986-இல் அதிபர் ஆணை ஒன்று நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டது. 1989-இல் மத்திய ஜாவாவில் விவசாயிகளுக்கான வயல்வெளிப் பள்ளிகள் ஆரம்பித்தன, வாரம் ஒருமுறை வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணி, படம் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே பேசி முடிவெடுக்கிற பள்ளி. பின்னாளில் ஆசியாவில் பல நாடுகளுக்குப் போன முறை இது. தாத்தா அதில் உட்கார்ந்தவர். இப்போதைய இளைஞர்கள் கடையில் கேட்டு அடிக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய வருத்தம்.

சரி, காசு எங்கிருந்து வருகிறது? வீட்டுக்காரர் கொத்தனார். நடவுக்கும் அறுவடைக்கும் ஊரில் இருப்பார், மற்ற நாளெல்லாம் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் யோக்யகர்த்தா போய்விடுவார். அந்த அம்மா கெப்லெக் செய்து சந்தையில் விற்கிறார், மரவள்ளி மாவில் 8 என்கிற எண் வடிவில் சுருட்டிப் பொரிக்கிற பலகாரம், கூடவே பூனைக்காலிப் பயறைப் புளிக்கவைத்துச் செய்கிற தெம்பே. சந்தை கூடுவது நம் ஏழு நாள் வாரத்தின்படி இல்லை, லெகி, பாஹிங், போன், வாகே, க்ளிவோன் என்று ஐந்து நாளில் ஒரு சுற்று. அவர் நாள்காட்டியில் இரண்டு வாரமும் ஓடுகிறது, இரண்டிலும் எந்த நாள் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

வீட்டுப் பின்னால் தரையிலிருந்து உயர்த்திய மரக் கொட்டகையில் நாலு ஆடு. நீளமாகத் தொங்குகிற காது, வளைந்த மூக்கு. இந்த இனத்துக்குப் பெயர் பெரானாகான் எட்டாவா. உத்தரப் பிரதேசத்து எட்டாவாவிலிருந்து டச்சுக்காரர் காலத்தில் கொண்டுபோன ஜமுனாபாரி ஆட்டை உள்ளூர் ஆட்டோடு சேர்த்து வந்தது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கலிகெசிங் இதற்குப் பேர் போனது. நம் நாட்டு யமுனைக் கரை ஆட்டின் வம்சம் மெனோரே மலையடியில் ஒரு குடும்பத்தின் சேமிப்பாக நிற்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பக்ரீத்துக்கு முன் ஒரு கிடாவை விற்றார்கள், அந்தப் பணம் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு.

மகன் ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். 2025-இல் யோக்யகர்த்தா மாகாணத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 22,64,080 ரூபியா, பெக்காசி மாவட்டத்தில் அதுவே 55 லட்சத்துக்கும் மேல். ரம்ஜானுக்கு வீட்டுக்கு வருகிற அந்தப் பையன்கள் ஏன் திரும்பிப் போகிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்ணே போதும். தரைக்கு டைல்ஸ் போட்டது அவன் அனுப்பிய பணத்தில்.

மலைமேல் கோகாப் பக்கம் நிலைமை வேறு. அங்கே வயல் அரிது, தென்னைதான். காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குகிறார்கள், புளித்துவிடாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு போடுகிறார்கள். 7, 8 லிட்டர் பதநீரை விறகடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம். மரத்தில் ஏறுவது ஆண், புகையில் நின்று கிண்டுவது பெண். சிரட்டையில் ஊற்றி எடுத்தால் உள்ளூர்ச் சந்தைக்கு, கிளறிப் பொடியாக்கினால் 'குலா செமுத்' என்று வெளிநாடு வரை போகிறது. கயிறும் இல்லாமல் ஈர மரத்தில் ஏறுகிறவர்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கடையில் அந்தப் பொட்டலத்தை நல்ல விலைக்கு விற்கிறவர்கள் இந்தக் குடும்பங்களின் காப்பீட்டுக்கும் பணம் கட்ட வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இப்போது செலவு. ஜாவானியர்கள் சுரா மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் அதற்கு முந்தைய பெசார் மாதத்தில் கல்யாணங்கள் குவிகின்றன. நான் இருந்த ஜூனில் அந்த வீட்டுக்கு மட்டும் 11 அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் கவரில் 50,000 ரூபியா, நெருங்கின சொந்தம் என்றால் அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய் தனி. அந்த அம்மா ஒரு பழைய பள்ளி நோட்டை எடுத்து வந்து காட்டினார், அப்படியே நம்மூர் மொய் நோட்டு. மகனுக்கு விருத்தசேதனம் செய்தபோது யார் யார் என்ன கொண்டுவந்தார்கள், அரிசி 5 கிலோ, சர்க்கரை 2 கிலோ, நூடுல்ஸ் ஒரு பெட்டி, எல்லாம் பேரோடு. திருப்பிச் செய்ததற்கு நேரே ஒரு கோடு. பாட்டி வாங்கினதைப் பேத்தி திருப்புகிற வரை இந்தக் கணக்கு ஓடுகிறது. 50,000 வீதம் 11 என்றால் 5,50,000 ரூபியா, அரசு விலையில் கிட்டத்தட்ட 85 கிலோ நெல், ஒரு போகத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரே மாதத்தில் போய்விடுகிறது. பணத்தோடு உழைப்பும் போக வேண்டும், கல்யாண வீட்டில் இரண்டு மூன்று நாள் காய் நறுக்க, சோறு பொங்க, பாத்திரம் கழுவப் பெண்கள் எல்லாரும் போகிறார்கள். போகாமல் இருந்தால் என்ன என்று கேட்டேன். கோழியை விற்றாவது போவேன், நாளைக்கு என் வீட்டில் ஒன்று என்றால் யார் வருவார்கள் என்றார்.

யோசித்துப் பார்த்தால் அந்த ஊரின் வங்கி, காப்பீடு, சமையல் ஒப்பந்தக்காரர் எல்லாம் அந்த நோட்டுதான். அதே நேரம், மாரோவில் உழுகிற வீடும் அதே 50,000-தான் வைக்கிறது, அந்தச் சுமை அவர்கள் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கிராம ஒற்றுமை என்று புகழ்ந்து எழுதுகிற பயணக் கட்டுரைகள் சொல்வதில்லை. இது போக மாதாமாதம் அரிசான், பெண்கள் கூடிப் போடுகிற குலுக்கல் சீட்டு. ராத்திரி காவல் சுற்றுகிறவர்களுக்கென்று வாசலில் தொங்கும் சின்ன டப்பாவில் ஒவ்வொரு வீடும் போடுகிற சில்லறை, ஜிம்பிதான், அது சேர்ந்து தெரு விளக்குக்கும் பொதுச் செலவுக்கும் போகிறது. முன்பு அதில் ஒரு பிடி அரிசி போடுவார்களாம்.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்காரர் தெற்கே பஞ்சாதான் கடற்கரைப் பக்கம் தன் தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனார். வெறும் கருமணல், அதில் சாணம் போட்டு, சிமெண்ட் உறை இறக்கிய கிணறுகளை வரிசையாகக் குழாயில் இணைத்து, சவுக்கு மரத்தைக் காற்றுத் தடுப்பாக வைத்து மிளகாய் போடுகிறார்கள். சாயங்காலம் எல்லாரும் மிளகாயைக் குழுவின் கொட்டகைக்குக் கொண்டுவந்து எடை போடுகிறார்கள், வியாபாரிகள் ஆளுக்கொரு சீட்டில் விலையை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள், இரவில் திறந்து அதிக விலை எழுதியவருக்கு மொத்தச் சரக்கும். 2000-களிலிருந்து நடக்கிற ஏற்பாடு, இங்கிருந்து ஜகார்த்தாவின் 'க்ரமாத் ஜாத்தி' சந்தை வரை போகிறது. ஏலம் விலையை வானத்துக்கு ஏற்றிவிடாது, வரத்து அதிகமானால் இங்கேயும் விழத்தான் செய்யும். ஆனால் அன்றைய விலை என்ன என்பது கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. நெல்லிலும் வெல்லத்திலும் நான் பார்க்காதது இது ஒன்றுதான்.

வீட்டுக்காரர் பெட்டி திறக்கிற வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விலையைப் பலகையில் எழுதியதும் தம்பியிடம், மூன்றாம் போகத்துக்கு நெல் வயலில் பாதியை மிளகாய்க்கு விட்டால் இங்கே சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டார். குழு உறுப்பினராக இல்லாவிட்டால் கஷ்டம், என் பேரில் கொண்டுவந்து பாருங்கள் என்றார் தம்பி. திரும்பி வருகிற வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி மிளகாய் விதைப் பாக்கெட்டும் மூடாக்குத் தாள் சுருளும் என்ன விலை என்று விசாரித்தார்.