ஸ்லீப்பரில் டெல்லி வரை

விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகாதே என்பவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு தடவையாவது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஸ்லீப்பரில் டெல்லி போய்ப் பாருங்கள். சென்ட்ரலில் இரவு ஏறினால் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர், இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல்.

அந்தப் பகலுக்காகவே நான் போவேன். விஜயவாடா தூக்கத்திலேயே போய்விடும், காலையில் வாரங்கல், மதியம் நாக்பூர், இட்டார்சி தாண்டியதும் நர்மதைப் பாலம், அங்கே ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு ஆற்றில் காசு போட்டுக் கும்பிடுகிறவர்களைப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு மேல் நடு பெர்த்தை இறக்கிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் அதில் ஒரு பெரியவர் அசந்து தூங்கினால் யாரும் எழுப்புவதில்லை, குனிந்தே உட்கார்ந்து கொள்கிறார்கள். போன முறை எதிர் சீட்டு குவாலியர் அம்மா எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, பூரியில் ஊறுகாயைத் தடவிச் சுருட்டி என் மகள் கையில் திணித்தார். பாஷை இரண்டு பேருக்கும் தெரியாது.

அப்புறம், டிசம்பர், ஜனவரியில் போனால் கம்பளி கட்டாயம், ஸ்லீப்பரில் போர்வை தரமாட்டார்கள். போபால் தாண்டினால் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் குளிர் நம் சென்னை உடம்புக்குத் தாங்காது.