மேற்பெருஞ்சிரை வரை ஒரு குழாய்

இரண்டாவது கீமோ முடிந்தபோது என் வலது கை நரம்பு கருத்து, தொட்டால் சணல் கயிறு மாதிரி விறைத்துக் கிடந்தது. மூன்றாவதுக்குப் போன அன்று சிஸ்டர் நான்கு இடத்தில் குத்திப் பார்த்தார். ஐந்தாவது குத்துக்கு அழுதுவிட்டேன். "போர்ட் வச்சிருவோம்மா" என்றார் டாக்டர். தோலுக்கடியில் மருந்து ஏற்ற ஒரு சின்ன டப்பி, அதிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்குள் குழாயா? பாளையங்கோட்டையிலிருந்து வீடு வந்து சேரும்வரை நான் யாரிடமும் பேசவில்லை.

பிளஸ் ஒன் படிக்கிற அண்ணன் மகள்தான் விலங்கியல் புத்தகத்தை என் மடியில் விரித்தாள். "அத்தே, குழாய் போய் நிக்கப்போறது இங்கதான். மேற்பெருஞ்சிரை." தலை, கழுத்து, இரண்டு கைகள் எல்லாவற்றின் ரத்தமும் வலமிருந்து ஒன்று, இடமிருந்து ஒன்று என இரண்டு சிரைகளில், அதாவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் வந்து, வலது முதல் விலாவின் குருத்தெலும்புக்குப் பின்னால் சேர்கிறது. மேற்பெருஞ்சிரை அங்கே தொடங்கி, மூன்றாவது விலா மட்டத்தில் இதயத்தின் வலது மேலறைக்குள் இறங்கிவிடுகிறது. நீளம் சுமார் 7 செ.மீ., அகலம் 2 செ.மீ. என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். இதற்கா இவ்வளவு பயந்தேன்!

எனக்குச் சீவலப்பேரி ஞாபகம் வந்தது. சிற்றாறு தாமிரபரணியில் விழுகிற இடம், பழைய பேர் முக்கூடல். நெஞ்சுச் சுவரின் ரத்தத்தைக் கொண்டுவரும் இன்னொரு சிரையும் முதுகுப்பக்கமிருந்து வளைந்து வந்து பெருஞ்சிரையில் சேருமாம். "அப்போ இதுவும் முக்கூடல்தான்ட்டி" என்றேன். சிரித்தாள்.

கையில் இருப்பது மெல்லிய நரம்பு, கீமோ மருந்து அதன் சுவரைப் புண்ணாக்கும். பெருஞ்சிரையில் ரத்தம் அவ்வளவு வேகமாக ஓடுவதால் மருந்து விழுந்தவுடனே கலந்துவிடும் என்றார் டாக்டர். கட்டி இடது மார்பில் என்பதால் போர்ட் வலது பக்கம். அதுவும் வசதிதானாம்: பெருஞ்சிரையில் சேரும் இரண்டில் வலது சிரை 2.5 செ.மீ. நீளம்தான், நேராக இறங்கும். இடதுபக்கத்தது 6 செ.மீ., சாய்வாகக் குறுக்கே வரும்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடியே கழுத்தில் குத்தி, குழாய்க்கு வழிகாட்ட ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டார்கள். வலி இல்லை, யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது. நடுவில் மானிட்டர் சத்தம் தாளம் தப்பியது. நெஞ்சில் ஒரு படபடப்பு. "கம்பி இதயத்தைத் தொட்டுருச்சு, இழுத்துட்டேன்" என்றார் டாக்டர், ஏதோ பஸ் படிக்கட்டில் கால் பட்ட மாதிரி. அப்புறம் எக்ஸ்ரே. குழாயின் நுனி பெருஞ்சிரை இதயத்தில் சேரும் இடத்தில் நின்றது. படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

அதன்பிறகு வந்த கீமோ எல்லாம் ஒரே குத்துதான். போர்ட் வைத்தவர்கள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது, போர்ட்டை இன்னும் எடுக்கவில்லை. அடைக்காமல் இருக்க மாதம் ஒருமுறை போய், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைச் செலுத்திக்கொள்கிறேன். காறை எலும்புக்குக் கீழே புளியங்கொட்டை புதைத்தாற்போல ஒரு மேடு. பஸ்ஸில் பை வார் அதில் உரசுகிறது என்று பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.